கேம்பஸில் இல்லை, வாடகை வீட்டில் பனியில் மாட்டிக்கொண்டோம்: கரண்ட் போவதற்குள் என்ன செய்வது?

ஜன்னலோரம் | மாலை 5.10

பல்கலைக்கழகம் நாளையும் மறுநாளும் மூடல் என்று மெயில் வந்துவிட்டது. நீளமான மெயில்தான், ஆனால் முக்கால்வாசி விடுதிக்காரர்களுக்கு. சாப்பாட்டுக்கூடம் எது வரை திறந்திருக்கும், எந்தக் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் விவரமாகப் போட்டிருக்கிறார்கள். வெளியில் வீடெடுத்துத் தங்கியிருக்கிற எங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி: "வெளியே வராமல் பாதுகாப்பாக இருங்கள்". சரி, இருக்கிறோம். எப்படி இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

கேம்பஸிலிருந்து நடந்தால் அரை மணி நேரத் தூரத்தில் பழைய வீடு. நாலு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள், நானும் இன்னொருவனும்தான் மிச்சம். வீட்டைச் சூடாக்க கேஸ் ஃபர்னஸ், சமைக்க கேஸ் அடுப்பு. மதியத்திலிருந்து கொட்டித் தள்ளுகிறது, காற்று வேறு, எதிர் வீடு சில நேரம் தெரிகிறது சில நேரம் தெரியவில்லை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. நாளை நள்ளிரவுக்குள் ஆன்லைனில் ஒரு அசைன்மென்ட் ஏற்ற வேண்டும், மூடல் மெயிலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு பேருக்குமே இதுதான் முதல் குளிர்காலம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கதவிலக்கம்_ஏழு | மாலை 5.22

முதலில் இருக்கிற எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள். போன், பவர் பேங்க், லேப்டாப், பழைய போன் ஏதாவது கிடந்தால் அதையும். லேப்டாப் என்பது பெரிய பவர் பேங்க்தான், கரண்ட் போனபின் அதிலிருந்து போனுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். பாட்டில், பாத்திரம், பக்கெட், எது கிடைத்தாலும் நிரப்புங்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றும் கட்டடம் என்றால் கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. தெருக்குழாய் அழுத்தத்தில் வருகிற வீடாக இருந்தாலும் குழாய் உறைந்தால் அதே கதிதான். டாய்லெட்டுக்கு ஒரு பக்கெட் தனியாக எடுத்து வையுங்கள், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

அப்புறம் டார்ச் எங்கே இருக்கிறது என்று இப்போதே எடுத்து மேஜை மேல் வையுங்கள். இருட்டில் டார்ச் தேட இன்னொரு டார்ச் வேண்டியிருக்கும். போன் டார்ச்சை நம்ப வேண்டாம், அந்த பேட்டரி வேறு வேலைக்கு வேண்டும். மெழுகுவத்தி கையோடு இருந்தாலும் தவிருங்கள். போர்வையும் திரையுமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஒரே அறையில் படுக்கப் போகிற ராத்திரியில் நெருப்பு எதற்கு?

பழைய_மாணவன் | மாலை 5.31

அசைன்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். "வளாகம் மூடல்" என்றால் கெடு தள்ளிப்போகிறது என்று அர்த்தம் இல்லை. பல இடங்களில் வகுப்பறை மட்டும்தான் மூடல், ஆன்லைனில் ஏற்ற வேண்டியதெல்லாம் அப்படியே நிற்கும், சர்வரில் பதிவாகிற நேரம்தான் கணக்கு. ஆசிரியர் விட்டுக்கொடுப்பார், விடமாட்டார் என்ற யோசனையெல்லாம் அப்புறம். நெட் இருக்கும்போதே இப்படி ஒரு மெயில் போட்டுவிடுங்கள்:

"நான் வளாகத்துக்கு வெளியே வசிக்கிறேன். எங்கள் பகுதியில் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. இதுவரை முடித்ததை இத்துடன் இணைத்திருக்கிறேன். மின்சாரம் நின்றால் நாளை இரவுக்குள் முழுதாக ஏற்ற முடியாமல் போகலாம். திரும்பியதும் உடனே ஏற்றுகிறேன்."

அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், சோகக்கதையும் வேண்டாம். கெடு முடிந்தபின் வருகிற விளக்கத்துக்கும் முன்னாலேயே வருகிற தகவலுக்கும் உள்ள மதிப்பே வேறு. பாதி முடித்த கோப்பை இணைப்பது முக்கியம், நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. படிக்க வேண்டிய பக்கங்களையும் கேள்வித்தாளையும் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஆவணத்தில் எழுதுகிறவர் என்றால் ஒரு பிரதியைக் கணினியிலேயே வையுங்கள். மின் நிறுவனம் வலைத்தளத்தில் மின்தடை வரைபடம் போட்டிருந்தால் உங்கள் தெரு தெரிகிற மாதிரி, நேரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்.

இரவுப்பறவை | மாலை 5.40

இவ்வளவு ஏன்? அரை மணி நேர நடைதானே. இருட்டுவதற்குள் பையைக் கட்டிக்கொண்டு கேம்பஸுக்குப் போங்கள். அங்கே ஜெனரேட்டர், சூடு, வைஃபை எல்லாம் இருக்கிறது. நண்பன் அறையில் தரையில் படுத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் இந்நேரம் கிளம்பியிருப்பேன்.

வெண்புகை | மாலை 5.48

@இரவுப்பறவை காலையில் சொல்லியிருந்தால் நல்ல யோசனை. "எதிர் வீடு சில நேரம் தெரியவில்லை" என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா? அமெரிக்க வானிலைத் துறை பனிப்புயல் என்று பெயர் வைப்பதற்கு வரையறையே இருக்கிறது: மணிக்கு 56 கி.மீ. காற்று, சுமார் 400 மீட்டருக்குள் பார்வை மறைய வேண்டும், இது 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். எத்தனை அடி பனி என்பது அந்த வரையறையில் இல்லவே இல்லை. காற்றும் பார்வையும்தான். ஏனென்றால் ஆளை வீழ்த்துவது அதுதான். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் தெருவின் ஓரம் எது என்றே தெரியாது, தினமும் நடந்த வழியிலேயே திசை மாறிப்போகும்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் தாக்கிய புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காருக்குள் சிக்கியவர்களும் உண்டு, தெருவில் நடந்து போனவர்களும் உண்டு, சூடில்லாத வீட்டுக்குள் இருந்தவர்களும் உண்டு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும்கூட நகர முடியாமல் நின்றன. பனிக்குப் பழகிய ஊர் அது, கவனியுங்கள்.

இரவுப்பறவை | மாலை 5.55

சரி, ஒத்துக்கொள்கிறேன், காற்று இருக்கும்போது வேண்டாம். ஆனால் நீங்களே சொன்ன மாதிரி சூடில்லாத வீட்டிலும் இறந்திருக்கிறார்களே. "எக்காரணம் கொண்டும் வெளியே வராதே" என்பதும் சரியான பதில் இல்லை. எந்த நிலைமை வந்தால் கிளம்புவது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

வெண்புகை | மாலை 6.02

அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கேம்பஸ் வரைக்கும் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டில் புகைபோக்கி வைத்த விறகடுப்போ ஜெனரேட்டரோ இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நம்மில் பாதிப் பேர் வருடக்கணக்கில் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். இப்போதே போய்க் கதவைத் தட்டி, நாங்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, போன் நம்பரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கொதிகலன் | மாலை 6.20

ஃபர்னஸ் பழுதுபார்க்கிற வேலையில் சில காலம் இருந்தேன், இப்போது படிக்கிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

@ஜன்னலோரம் வீட்டுக்கு வெளியே சுவரைச் சுற்றிப் பாருங்கள், கீழ்ப்பக்கமாக வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றோ இரண்டோ நீட்டிக்கொண்டிருக்கிறதா? கொஞ்சம் புதிய, கேஸைச் சிக்கனமாக எரிக்கிற வகை ஃபர்னஸ்களுக்குப் புகைபோக்கி கூரை வழியாகப் போகாது, இப்படிச் சுவர் வழியாகத்தான். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது எரிந்த வாயுவை வெளியே தள்ளும். தரையிலிருந்து அதிக உயரம் இருக்காது, காற்று அடித்துப் பனியைச் சுவரோரம் குவித்தால் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் உள்ளே இருக்கிற அழுத்த ஸ்விட்ச் அதைக் கண்டுபிடித்து ஃபர்னஸை நிறுத்திவிடும். நிறுத்துவது நல்லது, நிறுத்தாமல் போனால்தான் ஆபத்து. புயல் ராத்திரியில் "ஹீட்டர் செத்துப்போச்சு" என்று வருகிற போன்களில் கணிசமானவை இதுதான், மெக்கானிக்கே வேண்டியதில்லை, பனி அள்ளுகிற ஷவல் போதும். காற்று குறைகிற நேரம் பார்த்து, ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் போய்க் குழாய் வாயைச் சுற்றிக் கையாலோ துடைப்பத்தாலோ தள்ளிவிடுங்கள். பிளாஸ்டிக், ஷவலால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

வீடு பழையது என்பதால் கூரைச் சிம்னியாகவும் இருக்கலாம். அப்படியென்றால் விடுங்கள். கூரை மேல் யாரும் ஏறக் கூடாது.

துணி உலர்த்தும் மெஷினின் காற்று போகிற வாயும், கேஸ் மீட்டரும் அதே பக்கம்தான் இருக்கும். அதையும் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று: கேஸ் ஃபர்னஸ்தானே, கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். எரிவது கேஸ், ஆனால் பற்றவைப்பதும் சூட்டை அறைகளுக்குத் தள்ளுகிற ஃபேனும் கரண்டில்தான். கரண்ட் போனால் ஃபர்னஸும் நிற்கும்.

ஜன்னலோரம் | மாலை 6.47

வெள்ளைக் குழாய் இரண்டு இருக்கிறது, பின்பக்கச் சுவரில், முழங்காலுக்குக் கீழே! பனி குழாய் வாய்க்கு ஒரு கை கீழே வரை வந்துவிட்டிருந்தது. தள்ளிவிட்டோம். இத்தனை நாள் அது ஏதோ தண்ணீர்க் குழாய் என்று இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா நம்பர் கொடுத்தார், அவரிடம் விறகடுப்பு இருக்கிறதாம், தேவைப்பட்டால் வரச் சொன்னார். மெயிலும் போட்டாயிற்று.

நிலவறை | இரவு 7.15

இந்த இழையிலேயே கேட்கிறேன், தனி இழை வேண்டாமே. நான் பேஸ்மென்ட் அறையில் தனியாக இருக்கிறேன், மேல் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. ஜன்னல் தரை மட்டத்தில் ஒரு குழிக்குள் இருக்கிறது, அந்தக் குழி பாதி நிறைந்துவிட்டது. அறை இதமாகத்தான் இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று விட்டுவிடலாமா?

கொதிகலன் | இரவு 7.21

விடாதீர்கள். பேஸ்மென்ட் படுக்கையறைக்கு ஜன்னல் வைக்கச் சொல்வது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை, தீப்பிடித்தால் நீங்கள் வெளியே வர இருக்கிற இரண்டாவது வழி அது. குழி நிறைந்தால் உங்களுக்கு ஒரே வழி படிக்கட்டுதான், அது முடிகிற இடம் சமையலறையாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். புயல் நிற்கும்வரை காத்திருந்தால் கெட்டித்துவிடும், இப்போது பொடியாக இருக்கிறது, அள்ளுவது சுலபம்.

வாசல் கதவும் அப்படித்தான். உள்பக்கம் திறக்கிற கதவு பிரச்சினை இல்லை. அதற்கு வெளியே வலைக்கதவு போல இன்னொரு கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால், காலடியில் பனி சேரச் சேர அது நகராது. ராத்திரி அவ்வப்போது திறந்து மூடி, சேர்ந்ததைத் தள்ளிவிடுங்கள். ஷவல் வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும்! வராந்தாவிலோ கார் டிக்கியிலோ வைத்துவிட்டு, அதை எடுக்கப் பனியைத் தோண்ட வேண்டிய நிலைமை வேண்டாம்.

செவிலி_மாணவி | இரவு 7.40

@நிலவறை தனியாக இருப்பதால் உங்களுக்கு ஒரு வேலை. யாராவது ஒருவரிடம், கூடப் படிக்கிறவரோ வீட்டிலிருக்கிறவரோ, நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி படுக்கும்போது ஒரு மெசேஜ், காலையில் எழுந்ததும் ஒரு மெசேஜ். வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும், உங்கள் முழு முகவரி என்ன என்பதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். "பேஸ்மென்ட், பின்பக்கக் கதவு" என்பதுவரை எழுதிக் கொடுங்கள். விடுதியில் இருப்பவனைக் கணக்கெடுக்க வார்டன் இருக்கிறார், வெளியே இருப்பவன் எழுந்தானா இல்லையா என்று பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேலை நாளாக இருந்தால் வகுப்புக்கு வரவில்லை என்றாவது தெரியும், மூடல் நாளில் அதுவும் இல்லை. எனக்கு இதுதான் உறைகிறது, குளிர்கூட அப்புறம்தான்.

மருந்து எடுப்பவர்கள் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று இப்போதே எண்ணுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் "ஃபிரிட்ஜ் ஓடவில்லை, ஜன்னலுக்கு வெளியே வைக்கிறேன்" என்று வைத்துவிடாதீர்கள். ஒரு முறை உறைந்துவிட்டால், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது.

ஜன்னலோரம் | இரவு 9.05

கரண்ட் போய்விட்டது. இந்த முறை தெரு முழுக்க இருட்டு, திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை. ஃபர்னஸ் நின்றுவிட்டது, கொதிகலன் சொன்னபடியேதான். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிகிறது. அடுப்பையும் அதன் ஓவனையும் எரியவிட்டு ஓவன் கதவைத் திறந்து வைத்தால் கீழ்த்தளம் முழுக்கச் சூடாகிவிடும் என்கிறான் என் ரூம்மேட். செய்யலாமா?

செவிலி_மாணவி | இரவு 9.08

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

கொதிகலன் | இரவு 9.11

செய்யாதீர்கள். ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க வைப்பது வேறு, மணிக்கணக்கில் எரியவிடுவது வேறு. மூடிய வீட்டில் எரிகிற எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும், சமையல் அடுப்புக்கு அதை வெளியே கொண்டுபோகக் குழாய் கிடையாது. கரி அடுப்பு, கேம்பிங் அடுப்பு உள்ளே வரவே கூடாது. ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலிருந்து, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது தவறு.

செவிலி_மாணவி | இரவு 9.19

நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல், ஒரு மாதிரி சோர்வு, அவ்வளவுதான் தெரியும். ஜுரம் வருகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவோம், தூக்கத்திலேயே முடிந்துவிடும். துப்பு இதுதான்: வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே போனதும் குறைந்தால், அது ஜுரம் இல்லை. உடனே எல்லாரும் வெளியே, அப்புறம் அவசர எண். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனபோது குளிரில் இறந்தவர்கள் ஒருபக்கம், சூடேற்றிக்கொள்ளப் போய் இந்த வாயுவில் இறந்தவர்கள் இன்னொரு பக்கம். கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தவர்கள், ஜெனரேட்டரை வாசலருகே வைத்தவர்கள்.

வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? பேட்டரியில் ஓடுகிறதா, கரண்டில் மட்டுமா? டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சில வாடகை வீடுகளில் அலாரம் இருக்கும், பேட்டரியை யாரோ ரிமோட்டுக்குக் கழற்றியிருப்பார்கள்.

ஜன்னலோரம் | இரவு 9.33

மாடிப்படி அருகே ஒன்று இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் கத்தியது. அடுப்பை அணைத்தாயிற்று, சுடுதண்ணீர் மட்டும் போட்டு இரண்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்திருக்கிறோம். ரூம்மேட் கொஞ்சம் முகம் சுளித்தான், பரவாயில்லை. அடுத்து?

கதவிலக்கம்_ஏழு | இரவு 9.45

வீட்டைச் சூடாக வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், ஒரு அறையைச் சூடாக வையுங்கள். இருப்பதில் சின்ன அறை, ஜன்னல் குறைவானது, வெளிச்சுவர் குறைவானது. மற்ற கதவுகளையெல்லாம் மூடுங்கள். கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலுக்குப் போர்வை அடியுங்கள். மெத்தைகளைத் தரையில் சேர்த்துப் போட்டு இரண்டு பேரும் அதே அறையில் படுங்கள். கூச்சமெல்லாம் கரண்ட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். தரையில் நேராகப் படுக்காதீர்கள், மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டி இருந்தால் பிரித்து அடியில் போடுங்கள்.

உடையில் ஒன்று. தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லிதாகப் பலது. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் உடம்போடு ஒட்டி இருப்பது கம்பளியோ செயற்கை இழையோ இருந்தால் நல்லது. வெளியே போய்ப் பனி தள்ளிவிட்டு வந்தீர்களே, அந்த சாக்ஸை மாற்றினீர்களா?

செவிலி_மாணவி | இரவு 9.58

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாணவர் வீடு என்பதால். குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றும். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரிந்து உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுவருவதால் வருகிற தோற்றம் அது, உண்மையில் உடம்பு இன்னும் வேகமாகக் குளிரும்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல்வெப்பக் குறைவு என்கிறோம். தெர்மாமீட்டர் தேட வேண்டியதில்லை, பேச்சைக் கவனியுங்கள். நடுக்கம், பிறகு வார்த்தை குழறுவது, கைவிரல் சொன்னபடி கேட்காமல் பொருளைக் கீழே போடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது. நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் இன்னும் மந்தமாக இருக்கிறார் என்றால் தேறிவிட்டார் என்று அர்த்தம் இல்லை, மோசமாகிவிட்டது. அது அவசர எண்ணைக் கூப்பிடுகிற நேரம். இரவுப்பறவை கேட்டாரே, எப்போது கிளம்புவது என்று, அந்தக் கட்டம் வருவதற்கு வெகு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்கு. விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியைப் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், கை பொறுக்கிற சூடு போதும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் தண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொலைதூரன் | இரவு 10.20

எனக்கு நேர்மாறான பிரச்சினை. நான் விடுமுறைக்கு வந்து வேறு ஊரில் மாட்டியிருக்கிறேன், விமானம் ரத்து. ஆனால் என் வாடகை வீடு அங்கே காலியாக இருக்கிறது, பில் ஏறாமல் இருக்க ஹீட்டரை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு வந்தேன். இந்த இழையைப் படித்தபின் தூக்கம் வரவில்லை.

கொதிகலன் | இரவு 10.34

எவ்வளவுக்குக் குறைத்தீர்கள்? ஆள் இல்லாத வீட்டுக்கும் 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. வெளியே மைனஸ் 7 அளவுக்கு இறங்கினால் காப்பு இல்லாத குழாய்கள் உறைய ஆரம்பிக்கலாம், அதிலும் வெளிச்சுவருக்குள் ஓடுகிறவை, சிங்குக்கு அடியில் இருக்கிறவை. உறையும்போது வெடித்தது தெரியாது, உருகும்போதுதான் தண்ணீர் பீய்ச்சும், அப்போது வீட்டில் நீங்கள் இல்லை.

வீட்டு ஓனருக்கு இப்போதே மெசேஜ் போடுங்கள்: வீடு காலி, தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டுக் குழாய்களைத் திறந்து வடியவிடச் சொல்லுங்கள். எழுத்தில் போடுங்கள், போனில் சொன்னது காற்றில் போய்விடும். நேரில் போக ஆள் இல்லையென்றாலும் நீங்கள் சொன்னதற்குப் பதிவு இருக்கும். சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. ஹீட்டரை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

@ஜன்னலோரம் உங்களுக்கும் இதுதான். வெளிச்சுவரை ஒட்டிய குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வையுங்கள், சுடுதண்ணீர்ப் பக்கம், குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் இரண்டையும். சிங்குக்கு அடியில் இருக்கிற அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய்க்குப் போகட்டும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்று ராத்திரியே தேடிக் கண்டுபிடியுங்கள். உறைந்துவிட்டால், கரண்ட் வந்தபின் ஹேர் டிரையரைக் குழாயின் திறந்த முனையிலிருந்து தொடங்கி உள்நோக்கிக் காட்டுங்கள். தீயைக் காட்டி உருக்கப் போய் வீட்டைக் கொளுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

பழைய_மாணவன் | இரவு 10.50

போனை மறந்துவிட வேண்டாம். சிக்னல் பலவீனமாக இருந்தால் அது தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, பேசி வைத்த நேரத்துக்கு மட்டும் திறங்கள். போன் கால் போகாத இடத்தில் மெசேஜ் போகும். போனையும் பவர் பேங்கையும் சட்டைக்கு உள்ளே, உடம்போடு வையுங்கள், குளிரில் லித்தியம் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த போனைச் சார்ஜ் போடுவதும் பேட்டரிக்கு நல்லதில்லை, கொஞ்சம் சூடாகட்டும்.

நிலவறை | இரவு 11.15

ஜன்னல் குழியைச் சுத்தம் செய்துவிட்டேன். இங்கே கரண்ட் இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள்: சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. சத்தமே இல்லை.

இரவுப்பறவை | இரவு 11.22

யாரும் சிரிக்கவில்லை. நான் எப்படியும் விடியும்வரை முழித்திருப்பேன், தனிச்செய்தியில் வாருங்கள். கரண்ட் இருக்கிறவரை நல்லதாக ஏதாவது சமையுங்கள். சமைப்பதில் ஒரு மணி நேரம் போகும், நாளை சூடாக்காமலே சாப்பிடவும் ஆகும்.

வெண்புகை | இரவு 11.30

பிறருக்கும் பயன்படும் என்பதால்: கரண்ட் போனபின் ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி காலியென்றால் 24. கெட்டுப்போகிறவற்றை வெளியே பனியில் புதைத்து வைக்கலாமே என்று தோன்றும், வெயில் பட்டால் பகலில் சூடேறும், விலங்கும் மோப்பம் பிடித்து வரும். அதற்குப் பதில் வாளியிலோ பாட்டிலிலோ தண்ணீர் ஊற்றி வெளியே வைத்து ஐஸாக்கி, அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். தாகத்துக்குப் பனியை அப்படியே வாயில் போடாதீர்கள், அதை உருக்க உங்கள் உடம்புச் சூடுதான் செலவாகும். உருக்கி, ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

ஜன்னலோரம் | காலை 8.40

உயிரோடு இருக்கிறோம். அறையில் மூச்சு விட்டால் புகை தெரிகிறது, ஆனால் தூங்க முடிந்தது. விடியற்காலையில் காற்று நின்றுவிட்டது. குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார்: கெடுவை எல்லாருக்கும் தள்ளிவைத்துவிட்டாராம், "வெளியே வசிப்பவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தால் சொல்" என்று கேட்டிருக்கிறார். வகுப்புக் குழுவில் கேட்டேன், மொத்தம் பதினோரு பேர் என்று தெரிந்தது, அதில் மூன்று பேரிடம் இன்னும் பதில் இல்லை, அவர்களைப் போனில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வாசல் பாதையில் இடுப்பளவு கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா தனியாக ஷவல் எடுத்துக்கொண்டு நிற்கிறார், எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செவிலி_மாணவி | காலை 8.52

அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறி அள்ளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும், அதோடு பாரமும் தூக்கினால் இதயத்துக்குத் திடீர்ச் சுமை. வயதானவர்கள் பனி அள்ளும்போது மாரடைப்பில் விழுவது குளிர்நாட்டு மருத்துவமனைகளில் பழகிப்போன விஷயம். தூக்கி எறியாமல் முடிந்தவரை தள்ளுங்கள். புதுப் பனி லேசு, ஈரமாகிவிட்டால் அதே அளவு பல மடங்கு கனக்கும்.

கொதிகலன் | காலை 9.05

முதலில் வெள்ளைக் குழாய்கள், அப்புறம் வாசல். எந்த நேரமும் கரண்ட் வரலாம், வந்தவுடன் ஃபர்னஸ் தானாகக் கிளம்பும், அதற்குள் குழாய் வாய் திறந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு எதிரே தீயணைப்புக் குழாய் ஏதாவது புதைந்திருந்தால் அதையும் சுற்றித் தோண்டிவிடுங்கள். உப்பு போடப் போகிறீர்கள் என்றால், சாதாரண உப்பு மைனஸ் 9 வாக்கில் வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும், அந்தக் குளிரில் மணலே மேல், உருக்காது, வழுக்காமல் பிடிக்கும்.

ஜன்னலோரம் | காலை 11.30

கரண்ட் வந்துவிட்டது! ஃபர்னஸும் கிளம்பிவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். இன்னொருத்தி நாலு தெரு தள்ளி இருக்கிறாள், தெருவில் பனி அள்ளும் வண்டி இறங்கிப் பனியைத் தள்ளிவிட்டது, நாங்கள் நடந்தே போய்ப் பார்க்கிறோம். ரூம்மேட் காரை எடுக்கலாம் என்கிறான், ராத்திரி முழுக்க வெளியே நின்ற கார்.

வெண்புகை | காலை 11.36

நடங்கள். காற்று இல்லை, வெளிச்சம் இருக்கிறது, நாலு தெருதான். யாராவது ஒருவரிடம் எந்த வழியாகப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காரை அப்புறம் எடுக்கும்போது பின்பக்கப் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டாமல் எஞ்சினைப் போடச் சொல்லாதீர்கள். குழாய் அடைத்திருந்தால் புகை காருக்குள்தான் வரும், சூடாகட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருப்பவன் கதி அவ்வளவுதான்.

ஜன்னலோரம் | மதியம் 12.25

பார்த்துவிட்டோம். போன் செத்துப்போய், கோட்டோடு படுத்திருந்தாள், கதவைத் தட்டியதும் திட்டினாள். சார்ஜ் போட்ட பவர் பேங்கைக் கொடுத்துவிட்டு வந்தோம். பதினோரு பேரின் முகவரியையும் ஆசிரியருக்கு அனுப்பலாமா என்று அவரவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நாளை மறுநாள் இன்னொரு புயல் வருகிறதாம்.